கிண்ணத்துக்கு அடியில் கிலுகிலுப்பை

பிப். 6, செவ்வாய்

காலையில் நல்ல பனி. சோதனைப் பெட்டியின் கைப்பிடி ஆடுகிறது, ஆணி அடிக்கணும். உள்ளே: சிவப்பு வளையம், மணி, மரக்கட்டைகள், சின்னக் கண்ணாடி, வெள்ளைக் கிண்ணம், கிலுகிலுப்பை. மெட்ராஸிலிருந்து டாக்டர் அம்மா கொடுத்தனுப்பியவை. கிராமத்துக் கைக்குழந்தைகளுக்கு அறிவு எப்படி வளர்கிறது என்று பார்க்க இவ்வளவு போதுமாம்.

இன்று பீங்கான் பட்டறை. அங்கே வேலை செய்யும் செல்லம்மாவின் மகன் முருகேசன், பத்து மாசம். மணிச் சத்தத்துக்குத் திரும்பினான். கண்ணாடியைப் பார்த்து எச்சில் வடியச் சிரித்தான். அவன் கண்ணெதிரே கிலுகிலுப்பையைக் கிண்ணத்தால் மூடினேன். தூக்கி எடுக்கணும். எடுக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான். ‘இல்லை’ என்று போட்டேன். இந்தப் பட்டறைப் பிள்ளைகள் எல்லாருமே இப்படித்தான். கண்ணுக்கு மறைந்தது மனசுக்கும் மறைந்தது என்று அர்த்தம், டா. அம்மா சொல்லிக்கொடுத்தபடி.

என் மகள் மல்லிக்கும் பத்து மாசம்தான். திருச்சியில், அக்காவிடம். மல்லியின் அப்பா பட்டாளத்தில். இந்த வேலைக்கு நான் கிளம்பியபோது அவளுக்கு ஐந்து மாசம். அவளுக்கும் என் முகம் மறந்திருக்குமா? இதை டா. அம்மாவிடம் கேட்க முடியாது.

பிப். 8, வியாழன்

வெயில் ஏறுகிறது. வாங்க வேண்டியது: சோப்பு, தபால்தலை, பெட்டிக்கு ஆணி (மறந்தே போகிறது).

அக்கா கடிதம். மாசி மகத்துக்கு மல்லியைத் தூக்கிக்கொண்டு வருகிறாளாம்! “பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. என்னைத்தான் ‘ம்மா’ங்கறா, கோவிச்சுக்காதே” என்று எழுதியிருக்கிறாள். கோபம் இல்லை. பொய். இருக்கிறது.

கடைத்தெருவில் ஒரு ரப்பர் வாத்து வாங்கினேன். அமுக்கினால் கத்துகிறது. வீட்டுக்கார அம்மா, “யாருக்குங்க இது, உங்களுக்கா?” என்று கேலி.

பிப். 12, திங்கள்

மறுபடி பட்டறை. அச்சிலிருந்து எடுத்த கிண்ணங்களைச் செல்லம்மா பலகையில் காயவைத்துக்கொண்டிருந்தாள். சூளைக்குப் போகாத பச்சை மண், விரல் பட்டால் நசுங்கிவிடும். முருகேசன் தவழ்ந்து பலகைப் பக்கம் போனான். அவ்வளவுதான், அவன் கையில் ஒரு அடி. “தொடாதடா! எல்லாம் மண்ணாப் பூடும்!” அவன் அம்மாவைப் பார்த்தான். கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

நான் ஒரு மக்கு. கிண்ணம் என்றால் தொடக்கூடாது என்று இந்த ஊர்ப் பட்டறைப் பிள்ளைக்குத் தவழும்போதே பாடம்.

கிலுகிலுப்பையைத் தரையில் வைத்து என் துண்டால் மூடினேன். ஒரே இழுப்பு. எடுத்து ஆட்டி, வாயிலும் வைத்தாயிற்று.

“எம்புள்ள பாஸாயிட்டானாங்க டீச்சரம்மா?”

“பாஸு.”

“அப்ப அன்னிக்கி?”

“அன்னிக்கி பெயிலானது நான்.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

துண்டு போட்டதை டா. அம்மாவுக்கு எழுதணும். திட்டுவார். திட்டட்டும். ‘இல்லை’ போட்ட அன்றைக்கும் அந்தப் பிள்ளை மறக்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு, தனியாகச் சிரிப்பு. மல்லியும் மறந்திருக்க மாட்டாள்.

பிப். 17, சனி

மாசி மகம். ஜங்ஷனில் கால் வைக்க இடமில்லை. வண்டி லேட்டு. அக்கா இறங்கினாள், இடுப்பில் மல்லி. மஞ்சள் கவுன், கீழே இரண்டு பல். கை நீட்டினேன். பார்த்தாள். நன்றாக, நிதானமாகப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அக்கா கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரே அலறல்.

“புது மொகம்டி. ரெண்டு நாள்ல ஒட்டிக்குவா.”

புது முகம். சோதனைத் தாளிலேயே உண்டு: புதியவரைக் கண்டால் அழும். வயதுக்குச் சரி. வாத்தை அமுக்கியபடி பிளாட்பாரத்தில் நின்றேன், பைத்தியம் மாதிரி.

சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். “அக்கா, இவ இங்கயே இருக்கட்டும்.”

“நீ வேலைக்குப் போனா யாரு பாத்துக்குவா?”

“தூக்கிட்டுப் போறேன். இங்க எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க.”

அக்கா முகம் சுண்டிவிட்டது. “உம் புள்ளதானே” என்றாள். இலையில் பாதிச் சோறு அப்படியே.

பிப். 20, செவ்வாய்

மேகமூட்டம். மல்லி என் கையால் தயிர்சாதம், நாலு வாய். மணியை ஆட்டினால் சிரிக்கிறாள். என்னைப் பார்த்து இல்லை, மணியைப் பார்த்து. பரவாயில்லை.

மத்தியானப் பாசஞ்சருக்கு அக்கா கிளம்பினாள். சொல்லிக்கொண்டு போனால் பிள்ளை ஏங்கிவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். விளையாட்டுக் காட்டும்போது நழுவிவிடணும். திருச்சியில் நானும் அப்படித்தான் நழுவினேன். அக்கா அன்று கரண்டியைத் தட்டி விளையாட்டுக் காட்டினாள். இன்று நான் மணியை ஆட்டினேன்.

கொஞ்ச நேரம்தான். மணியைக் கீழே போட்டாள். தவழ்ந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. வாத்து, கண்ணாடி, சிவப்பு வளையம், எதற்கும் திரும்பவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், இதை எழுதும்போதும்.

நான் கிளம்பிய அன்று இவளுக்கு நிற்கத் தெரியாது. கதவைப் பார்க்கத் தெரிந்திருக்கும்.