நான்கு குச்சிகள், ஒரு குழாய்

அனுப்புநர்:
வீப்க லோரென்சென்,
மகப்பேற்றுப் பிரிவு, இரண்டாம் தளம்,
நகர மருத்துவமனை, க்ரோன்ஹூசன்.

பெறுநர்:
மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்கள்,
க்ரோன்ஹூசன்.

பொருள்: கூட்டுச் சோதனைக்குப் பின் பிரித்து வைக்கப்பட்ட தாய்மாரும் குழந்தைகளும் – மீதமுள்ள ஒரு சோதனையைப் பயன்படுத்துவது குறித்து.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. பெரிய வெள்ளியன்று எனக்கு மகன் பிறந்தான். மறுநாள் கொரோனாச் சோதனைக்காக இந்த அறையிலுள்ள ஐந்து தாய்மாருக்கும் தொண்டையில் இரண்டிரண்டு பஞ்சுக் குச்சிகள் விட்டு எடுத்தார்கள். சோதனைப் பொருள் தட்டுப்பாடு என்பதால் ஆளுக்கொரு குச்சியை ஒரே குழாயில் போட்டு ஒரே சோதனையாகச் செய்தார்கள். மற்றவை தனிச் சோதனைக்கென்று குளிர்பெட்டியில் இருக்கின்றன. இம்முறையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

2. குழாயில் தொற்று இருப்பதாக முடிவு வந்தது. ஐவரில் யாருக்கு என்று குழாய் சொல்லாது. அன்றே ஐந்து குழந்தைகளையும் எதிர்க்கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். தனித்தனியே பார்க்கப் பொருள் இல்லை. ஒரே ஒரு சோதனைக்கு மட்டும் இருக்கிறது. செவிலியர் கேஷே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் என்னம்மா பண்ணட்டும்? ஒண்ணுதான் இருக்கு. யாருக்குப் பாக்கணும்னு மேலேருந்து உத்தரவு வரல. அஞ்சு பேர்ல ஒருத்தரை நான் எப்படிப் பொறுக்குறது?" அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. தொலைபேசியை எடுக்காத தங்கள் அலுவலகத்தின்மீது இருக்கிறது.

3. பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் ஊற்றுகிறோம். முதல் நாள் ஐவரும் அழுதோம். இப்போது யாரும் அழுவதில்லை. சூப் வருகிறது, குடிக்கிறோம். ஒருவர் இருமினால் மற்ற நால்வரும் திரும்பிப் பார்க்கிறோம். எங்கள் சன்னலிலிருந்து எதிரே சன்னலோரத் தொட்டில்கள் இரண்டு தெரியும். என் மகனுடையது உள்ளே, சுவரோரம். அவன் முகம் எனக்குச் சரியாக நினைவுக்கு வரவில்லை.

4. எங்களில் ஒருவருக்கு மட்டும் காய்ச்சல் இருக்கிறது. பால் கட்டியதால் வந்ததாகவும் இருக்கலாம். அவரை ஒதுக்கிவிட்டு, மற்ற நால்வரின் குச்சிகளையும் ஒரே குழாயில் போட்டு, கையிலிருக்கும் அந்த ஒரு சோதனையைச் செய்ய ஆணையிடுங்கள். தொற்று இல்லை என்று வந்தால் நான்கு குழந்தைகள் அன்றே தாயிடம் வந்துவிடும். தொற்று மிஞ்சியவருக்குத்தான் என்று தெரிந்துவிடும்; அவரைச் சோதிக்கத் தேவையே இராது.

காய்ச்சல் உள்ளவள் நான்தான். இம்மனுவைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லவில்லை; சொன்னால் எழுத விடமாட்டார்கள்.

அந்த நான்கு தொட்டில்களும் காலியான பிறகு, என் மகனுடையதைச் சன்னலோரம் நகர்த்தி வைக்கச் சொல்லுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: க்ரோன்ஹூசன்
நாள்: 16.4.2020

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) வீப்க லோரென்சென்