புளியமரத்துக்கு வாங்கிய ஆறடி ரம்பம்

அம்மா,

சேலையை இரண்டு தரம் அலசிவிட்டேன், மண்ணெண்ணெய் வாடை போகவில்லை. பச்சை மரத்தில் ரம்பம் சிக்காமல் ஓட, இரு பக்கமும் மண்ணெண்ணெய் தடவ வேண்டுமாம். ரேஷனில் வாங்கி வைத்திருந்ததைச் சித்தப்பா முகம் சுளித்துக்கொண்டே கொடுத்தார். தடவியது நான்தான். நம் கொல்லைப் புளியமரம் விழுந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன். உன் மேலும் கோபம்தான்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். நீ தலை உலர்த்திக்கொண்டிருந்தாய். உச்சியில் காசளவு முடியில்லாத இடத்தைத் தொட்டு, இது என்ன என்று கேட்டேன். "ஆணி புடிச்ச இடம்" என்றாய். நச்சரித்த பிறகுதான் மீதியைச் சொன்னாய். கல்யாணமான புதிதில் வேதக்கோயில் உபதேசியார் மனைவியிடம் எழுத்துப் படிக்கப் போயிருக்கிறாய். படித்தது மறந்துவிடக் கூடாதென்று தண்ணீர் சேந்தும்போதும் கம்பு இடிக்கும்போதும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாய். மருமகள் தனியாக முணுமுணுக்கிறாள், பேய் பிடித்துவிட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவுகட்டினார்கள். புளியமரத்தடியில் உட்காரவைத்து, உச்சிமயிரை ஆணியில் சுற்றி மரத்தில் அறைந்து, மயிரை அறுத்துவிட்டார்கள். பேய் மரத்தோடு நின்றுவிட்டதாம். உன் படிப்பும் அங்கேயே நின்றது.

"போனது போச்சு, அதக் கிண்டாத" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். போய், அதே மரத்துப் புளியைக் கரைத்துக் குழம்பு வைத்தாய். இத்தனை வருடம் வைத்தாய். எப்படி அம்மா முடிந்தது உன்னால்?

பிறகு நம் வீடு கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தது. சித்தப்பா சபை மூப்பர் ஆனார். நான் பி.ஏ. முடித்தபோது, "எங்க வீட்டுப் பிள்ளை" என்று கோயில் வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று நீ கைநாட்டு வைத்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டது என் கண்ணுக்குள் நிற்கிறது. போன வருடம் உன்னை அடக்கம் செய்த அன்று, "மதினி சாந்தமே உருவானவுக" என்று சித்தப்பா பேசினார். எல்லாரும் அழுதார்கள். எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது.

இப்போது சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடுகிறது. கரி சுடுகிறவர்கள் பெரிய மரம் தேடி ஊர் ஊராக வருகிறார்கள். சித்தப்பா நம் புளியை விலை பேசிவிட்டார். ஊர் வெட்டுக்காரர்கள் பேய்க்குப் பயந்து அந்த மரத்தில் கோடாலி வைக்க மாட்டோம் என்றார்கள். ரெட்டியபட்டியிலிருந்து வந்த மாடசாமியிடம் நாலடி ரம்பம்தான் இருந்தது. அடிமரம் குறுக்கே மூன்றடிக்கு மேல். நாலடியை வைத்தால் இழுக்கவே இடம் இருக்காது. "நீ டவுனுல இருக்க தாயி, தணிஞ்ச விலையில பெருசாப் பாத்து வாங்கிட்டு வா" என்றார் சித்தப்பா. வேறு எதற்கென்றாலும் கூச்சப்பட்டு மறுத்திருப்பேன். இதற்குப் போனேன்.

அருப்புக்கோட்டை இரும்புக் கடையில் ஆண்கள் மட்டுமே நின்றார்கள். வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் கேட்கவே எனக்கு நாக்கு எழாது. "ரம்பம்" என்றேன்.

"தேங்கா துருவவா டீச்சரம்மா?" என்றார் கடைக்காரர். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"புளியமரம் அறுக்க. ரெண்டு பேர் இழுக்கிறது."

சிரிப்பு நின்றது. புதிதாக இருந்தது நாலடிதான். "நல்ல இரும்பெல்லாம் குண்டு செய்யப் போயிருச்சும்மா" என்றவர், உள்ளேயிருந்து பழைய ஆறடி ஒன்றை இழுத்து வந்து போட்டார். துருவேறி, ஓரத்தில் இரண்டு பல் மழுங்கிக் கிடந்தது. மாடசாமி சொல்லி அனுப்பியபடி, அதை வில்லாக வளைக்கச் சொன்னேன். விட்டதும் நேராக நிமிர்ந்தது. தட்டச் சொன்னேன். விரிசல் இல்லாமல் கணீரென்றது. மறுபடி வளைக்கச் சொன்னேன்.

"மாப்பிள்ளை பாக்கக்கூட இம்புட்டு பாக்க மாட்டாக" என்றார். விலை புதியதில் பாதி. துரு போய்விடும், பல்லுக்கு அரம் போட்டுக்கொள்ளலாம், நீளத்தை எங்கே போய் வாங்குவது? ஆறடியையே எடுத்தேன். சாக்கில் சுற்றி, திருச்சுழி பஸ்ஸின் மேலே ஏற்றினேன்.

மாடசாமியும் அவர் மச்சானும் அரம் போட்டு முடித்தார்கள். மரத்தை ஒரு சுற்று வந்து மாடசாமி கேட்டார்: "பெரியவரே, புளியமரமாச்சே. ஆணி கீணி அடிச்சிருக்கா? ஒரு ஆணி போதும், ரம்பம் பல்லு உதுந்துரும்."

"நாங்க வேதக்காரக. எங்க மரத்துல ஏதுய்யா ஆணி?" என்றார் சித்தப்பா.

கேட்டாயா அம்மா? நீ செத்த பிறகும் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறார்.

"இருக்கு" என்றேன்.

"ஏ புள்ள, நீ அப்பப் பொறக்கவே இல்ல. ஒனக்கு என்ன தெரியும்?"

"அம்மா சொன்னா."

"எங்கன இருக்கு தாயி?" என்றார் மாடசாமி. பட்டை வளர்ந்து மூடியிருந்தது. அடையாளமே இல்லை. நீயும் நானும் ஒரே உயரம். நான் போய் மரத்தில் முதுகு சாய்த்து, உன்னை உட்காரவைத்த மாதிரியே தரையில் உட்கார்ந்தேன்.

"டீச்சரம்மா மரத்துக்குப் பாடம் எடுக்கப் போறாக" என்று மச்சான் சிரித்தார். மாடசாமி சிரிக்கவில்லை. என் உச்சிக்கு நேரே கரியால் கோடு போட்டு, நான் எழுந்ததும் அதற்கு ஒரு சாண் கீழே ரம்பத்தை வைத்தார். இருவரும் கைப்பிடியைப் பற்றினார்கள்.

"அங்க வைக்காதீக."

சித்தப்பாதான்.

"பெறகு எங்க வைக்க?"

"அந்தப் புள்ள நிமிந்துல்ல உக்காந்துச்சு. மதினியக் குனிய வச்சுத்தான் அடிச்சோம். பிடரிய அமுக்கிப் புடிச்சிருந்தது நாந்தான்."

ரம்பம் வைத்திருந்த இடத்துக்கு நேரே விரலை வைத்தார். மாடசாமி கோடாலி நுனியால் பட்டையைச் சீவினார். உள்ளே மரம் கறுத்திருந்தது. கறுப்பின் நடுவில் ஆணியின் தலை.

அதற்கும் கீழே, வேரையொட்டி, முழங்காலிட்டு அறுத்தார்கள். மரம் விழுந்த பிறகு சித்தப்பா என்னிடம் வந்தார்.

"மன்னிச்சிரு தாயி."

"எங்கிட்டக் கேக்காதீக" என்றேன். அவருக்குக் கேட்க வேறு ஆள் இல்லை என்று தெரிந்துதான் சொன்னேன்.

ஆணி அந்த வீட்டுப் பெரியவர்களோடே கிடக்கட்டும். மரம் கரியாகப் போகட்டும். குனிய வைத்ததை நீ என்னிடம் சொல்லவே இல்லையே அம்மா. நான் உட்கார்ந்து காட்டிய உயரத்துக்கும் உன் தலை இருந்த உயரத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. நாளை வகுப்பில் பெண்பிள்ளைகள் முன்னால் போய் நிற்கும்போது அந்த ஒரு சாண் என்னோடு இருக்கும். அதை நான் யாருக்கும் மன்னிக்கப்போவதில்லை.