சாலட் மேசையில் கிடைத்த சம்மதம்

ஞாயிறு இரவு.

சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. என் மகள் கவிதாவைப் பெண் பார்த்துப் போன மாப்பிள்ளை வீட்டார், பதில் சொல்லாமல் இருந்தவர்கள், இன்று மறுபடியும் பெண்டாங் ஊரிலிருந்து வந்தார்கள். அவரவரே கலந்து சாப்பிட சாலட் மேசைதான் வைப்பேன் என்று கவிதா பிடிவாதம் பிடித்தாள். வெள்ளரி, செங்குவாங் கிழங்கு, அன்னாசி, அவித்த கொண்டைக்கடலை, இனிப்பும் காரமுமான ரோஜாக் சாஸ் எல்லாம் தனித்தனிக் கிண்ணங்களில்.

"சோறு இல்லாமயா?" என்று என் கணவர் புலம்பினார்.

மாப்பிள்ளையின் அப்பா மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இத எப்படிம்மா சாப்பிடறது?"

"உங்களுக்குப் பிடிச்சத போட்டுக்குங்க லா, அங்கிள்," என்று கவிதா கிண்ணத்தை நீட்டினாள்.

அன்னாசியை அள்ளிப் போட்டு, சாஸைத் தாராளமாக ஊற்றினார். சாப்பிட்டார். இன்னொரு கிண்ணமும் கலந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கல்யாணத்துக்கும் இந்த மாதிரி ஒரு மேச போட்டுடுங்க, சம்பந்தி."

பக்கத்து அறையில் கவிதா இன்னும் மாப்பிள்ளையோடு போனில் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.