இரண்டு மைக் ஒயர்களும் என் பையில்

அண்ணா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். மைக் ஒயரைத் தேடி வீட்டைத் தலைகீழாக்காதே. அதை நான் எடுத்துப் போகிறேன், அப்பாவுடையதையும் சேர்த்துத்தான். போன ஒற்றுமை ஜெபத்தில் உன் பாடகர் குழு ஒரு மைக்கிலும் அப்பாவின் சபை மூப்பர்கள் இன்னொன்றிலும் போட்டி போட்டு ஜெபித்ததில் கோயில் வாசலில் படுத்திருந்த நாயே எழுந்து ஓடிவிட்டது. “ஆண்டவருக்கு என்ன, காது கேக்காதா?” என்று அம்மா கேட்டதிலிருந்து நீயும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை.

இன்று எல்லோரும் மௌனமாக ஜெபிக்கலாம் என்று போதகர் ஒப்புக்கொண்டார். நீ வராமல் இருந்துவிடுவாயோ என்று எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

பி.கு.: அப்பா பக்கத்தில் என் நாவலை வைத்து உனக்கு இடம் பிடிக்கிறேன். எடுத்துவிட்டு உட்கார்.

இன்னொன்று: அப்பா இப்போதுதான் கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, “உங்கண்ணன் வருவானா?” என்றார். உன்னிடம் சொல்லக் கூடாதாம்.