முற்றாத கதிர்

உன் சாவுக்குத் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள், அக்கா. "சீக்கு முத்திட்டு, பின்ன என்ன செய்ய?" அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. காரணம் உனக்குத் தெரியும்.

நெல் முற்றும், சண்டை முற்றும், நோயும் முற்றும். எதுவானாலும் உச்சத்துக்கு வந்தபிறகுதான் அப்படிச் சொல்ல வேண்டும். அது தெரிந்தேதான் பல வருஷத்துக்கு முன் ஒரு கும்பப்பூ அறுவடைக் காலத்தில் நான் பொய் எழுதினேன். அப்போது நான் தாசில்தார் கச்சேரியில் குமாஸ்தா. பாசன சானல் தொடங்கும் தலைப்பில் நிலம் வைத்திருந்த பெரியவர், வயல் காய்ந்தால்தான் அறுக்க முடியும் என்று தண்ணீரை நிறுத்தச் சொன்னார். என் மேலதிகாரி சொன்னபடி, சானல் முடியும் கடைவரம்பு வரை எல்லாப் பயிரும் முற்றிவிட்டதாக, போய்ப் பார்க்காமலே எழுதிக் கொடுத்தேன். மடையை அடைத்தார்கள். உன் வயல் கடைவரம்பில் இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு பிடி கதிரோடு கச்சேரிக்குள் வந்தாய். சேவகன் தடுத்ததை நீ பொருட்படுத்தவில்லை.

"எல்லாம் முத்திட்டுண்ணு எழுத்து இருக்கே," என்றார் தாசில்தார்.

நீ ஒரு நெல்லை அவர் மேசையில் வைத்து நகத்தால் நசுக்கினாய். வெள்ளையாகப் பால் பிதுங்கியது.

"முத்தின நெல்லுல பாலு வருமா, ஏமானே? எழுதினவன் எனக்க தம்பிதான்." என் பக்கம் திரும்பினாய். "ஏலே, கண்ணால கண்டியா?"

தாசில்தார் பக்கத்தில் நின்ற என் மேலதிகாரி முறைத்தார். வேலை போய்விடும் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"காணல்ல," என்றேன். எழுதியதை அடித்து, 'முற்றவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

மறுநாள் மடை திறந்தது. அந்த மாதமே என்னை நீக்கினார்கள். நான் அழுதபோது நீ ஆறுதல் சொல்லவில்லை. "கரையாத. ஒனக்கு எழுத்து தெரியும்லா? இனி எங்களுக்கு எழுது," என்றாய்.

அன்றுமுதல் மனு எழுதித்தான் பிழைக்கிறேன். பார்க்காத எதையும் எழுதுவதில்லை.

இந்த வருஷமும் மடையை அடைக்கப் போகிறார்களாம். நேற்று உன் ஊர்க்காரர்கள் வந்து சொன்னார்கள். பின்னாலேயே அந்தப் பெரியவரின் மகன் ஆள் அனுப்பினான். மனு எழுதினால் கையை ஒடிப்பானாம். "எழுதிக்கிட்டுதான் இருக்கேன்ணு போய்ச் சொல்லு," என்று அனுப்பிவிட்டேன். காலையில் கடைவரம்பு முழுவதும் வரப்பு வரப்பாக நடந்து பார்த்தேன். ஒரு வயலும் முற்றவில்லை.

மனு முடிந்துவிட்டது, அக்கா. முதல் ஆளாகக் கைநாட்டு வைக்கப் பலரும் பயப்படுவார்கள். எப்போதும் நீதான் வைப்பாய். இந்த முறை அந்த இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.