ஒரு படி குறைந்த மூட்டைகள்

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

இன்று காலை வேம்பாரிலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்து நம் சரக்குக் கிட்டங்கி வாசலில் நின்றது. நாலு மூட்டை அரிசி. நான் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லி அனுப்பவும் இல்லை. வண்டிக்காரர் இறக்கி வைத்தபோது மூட்டைகளின் வாயைப் பார்த்தேன். போன மாதம் நானே சணலால் தைத்து இங்கிருந்து அனுப்பிய மூட்டைகள். இப்போது வாய் பிரிக்கப்பட்டு, வலை பின்னுகிற நூலால் மறுபடி தைக்கப்பட்டிருந்தன. அளந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஒவ்வொன்றிலும் ஒரு படி குறையும் என்று தெரிந்துவிட்டது. சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு எப்போது அழுகை வந்தது என்று தெரியவில்லை. வண்டிக்காரர் பயந்துபோய், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

அவர் கொண்டுவந்த செய்தியைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் நீர் அங்கேயும் தலைகால் தெரியாமல் ஆடுவீர்.

உம் அண்ணன் கொழும்புக் கடையைப் பார்க்கப் போன பிறகு கிட்டங்கி என் பொறுப்பு, ஊர் சுற்றுவது உம் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். சண்டையும் அந்தப் பிரிவினைப்படியே நடந்தது. நான் இருக்கிற மூட்டையைப் பார்ப்பேன். நீர் இல்லாத மூட்டைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வருவீர். போகிற கடையிலெல்லாம் காப்பி குடித்துக்கொண்டு, அவர்கள் பின்கட்டில் என்ன கிடக்கிறது என்று நோட்டம் விடுவீர்.

"அங்கன உளுந்து ரெண்டு மூட்டை சும்மா தூங்குது மதினி, பக்கத்து ஊர்க் கடையில ஒரு படி இல்ல" என்று வந்து சொல்வீர்.

"அடுத்தவன் கடையில என்ன தூங்குனா உமக்கு என்ன? நம்ம கிட்டங்கில என்ன இருக்குன்னு கேளும்" என்பேன் நான்.

அந்த ஆனி மாதம் நினைவிருக்கிறதா? யுத்தம் தொடங்கியிருந்தது, ஆனால் ரங்கூன் அரிசி இன்னும் வந்துகொண்டிருந்தது. நம் ஊர் வழக்கம் உமக்குத் தெரியும், ஆனாலும் சொல்லிக்கொண்டு போனால்தான் எனக்குப் பேச்சு வரும். கரையோரம் ஆழம் போதாது என்று கப்பல் கடலில் வெகு தூரத்திலேயே நின்றுவிடும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி வரவேண்டும். ஆனால் கப்பல் கண்ணில் பட்ட அன்றே கடைத்தெருவில் விலை இறங்கிவிடும். அதனால் எல்லாக் கிட்டங்கிக்காரர்களும் பழைய மூட்டைகளை அன்றைக்கே தள்ளிவிடுவார்கள். நாமும் தள்ளினோம். சாத்தான்குளத்தில் கடை வைத்திருந்த என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளிக்கொண்டு போனார். சாயங்காலம் தரையைப் பெருக்கி, புது அரிசிக்கு இடம் ஒழித்து வைத்தேன்.

மறுநாள் கச்சான் காற்று பிடித்துக்கொண்டது. மேற்கிலிருந்து மண்ணை வாரி அடித்த அந்தக் காற்றில் வெறும் தோணி கப்பலுக்குப் போய்விடலாம், பாரம் ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் கரைக்குத் திரும்ப முடியாது. காலையும் மாலையும் மச்சில் ஏறிக் கப்பலைப் பார்ப்பேன். எட்டாத உறியில் தொங்குகிற மோர்ப்பானை மாதிரி அங்கேயே நின்றது. இங்கே கிட்டங்கியில் எலிக்குக்கூட வேலையில்லை.

இதற்குள் வேம்பார்க் கடைக்கு மூட்டை அனுப்பவேண்டிய முறை வந்தது. அந்தோணியம்மாளின் கடை சின்னக் கடை. நாலு மூட்டைக்கு மேல் அடுக்க இடமில்லை, விலை இறங்கிய அன்று வாங்கிக் குவிக்க அவளுக்கு வழியுமில்லை. கச்சான் அடித்தால் வள்ளங்கள் கடலுக்குப் போகாது, மீனும் இல்லை. கடற்கரை வீடுகளிலும் உப்பளத்துக் கூலிகள் வீட்டிலும் அவள் கடை அரிசியை நம்பித்தான் உலை வைப்பார்கள். அவளுக்கு நீர் வாக்குக் கொடுத்திருந்தீர். எனக்கு வந்த கோபத்தில் என்ன சொல்கிறோம் என்றே தெரியவில்லை.

"வாக்குக் கொடுத்தது நீரு. நீரே நட்டு அறுத்துக் கொண்டு போயிக் குடும்."

நீர் கோபிக்கவில்லை. "நம்ம சரக்கு தீரல மதினி. சாத்தான்குளத்துல இருக்கு."

"வித்த சரக்கு எப்படி நம்ம சரக்காகும்?"

"வித்துட்டோம், சரிதான். இன்னும் யாரும் திங்கலல்லா?"

அதனால்தான் உம்மோடு பஸ் ஏறினேன். என் பிறந்த ஊர், என் அண்ணன், நான் கேட்டால் மறுக்கமாட்டார் என்றும் ஒரு நினைப்பு. அவர் கருப்பட்டிக் காப்பி கொடுத்து, நலம் விசாரித்து, சிரித்த முகமாகவே மறுத்தார்.

"ஏளா, வீட்டக் கேளு, எழுதித் தாரேன். கடைக்குள்ள வந்த மூட்டைய வாய் தொறக்காம வெளிய அனுப்புனா வியாபாரமும் அது பொறத்தாலயே போயிரும். எங்கப்பா காலத்துலயும் அனுப்புனது கெடையாது."

ஞாயிறுதோறும் கோயிலில் முதல் வரிசையில் உட்காருகிறவருக்கு இந்தச் சாஸ்திரத்தை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் பிடிபிடியென்று பிடித்தேன். அண்ணன் அசையவில்லை. நீர் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தீர்.

"அண்ணாச்சி, வாய் தொறக்காமத்தான போகக் கூடாது?"

எப்போதும் சட்டைப்பையில் செருகி வைத்திருப்பீரே, அந்தக் கோணி ஊசியை எடுத்தீர். ஒரு மூட்டையின் தையலைப் பிரித்து, ஒரு படி அளந்து, அவர் கடை அரிசிப் பெட்டியில் கொட்டினீர்.

"இப்ப இது உங்க கடையில தொறந்து அளந்த மூட்டை. மிஞ்சுனதத்தான் கேக்கேன். கப்பல் எறங்குன மறுநா இதுக்குப் பதிலு புது மூட்டை உங்க வாசலுக்கு வரும்."

அண்ணன் உம்மைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏளா, உன் கொழுந்தன் வக்கீலுக்குல்லா படிச்சிருக்கணும்!" அடுத்த மூட்டையின் வாயை அவரே பிடித்துக்கொண்டார். நீர் போட்ட தையல் குடிகாரன் நடை போலப் போனதால், பார்க்கப் பொறுக்காமல் ஊசியைப் பிடுங்கி மற்ற மூட்டைகளை நான்தான் தைத்தேன்.

அங்கிருந்தே வண்டி பிடித்து, வீட்டில் தலையைக்கூடக் காட்டாமல் நேரே வேம்பாருக்குப் போனீர். திரும்பி வந்து நீர் சொன்னதை இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அந்தோணியம்மாள் பெட்டியின் அடியைக் கையால் வழித்துக்கொண்டிருந்தாளாம். வாசலில் பெண்கள் அரிசி வாங்கச் சுளகோடு நின்றார்களாம். முதல் மூட்டையை அளந்ததுமே, "அண்ணாச்சி, ஒரு படி கொறையுதே?" என்று கேட்டாளாம். நீர் சாத்தான்குளத்துக் கதையை நடித்தே காட்டியிருக்கிறீர். சுளகோடு நின்றவர்களெல்லாம் சிரிக்க, அவள் சிரித்துக்கொண்டே அளந்து போட்டாளாம். அன்றைக்கு அங்கே உலை ஏறாத வீடு இல்லை.

காற்று தணிந்து கப்பல் இறங்கியதும் முதல் வண்டியைச் சாத்தான்குளத்துக்கு அனுப்பினோம். அடுத்து வேம்பாருக்குப் போன மூட்டைகளில், முன்பு குறைந்த படியை உமக்குச் சொல்லாமல் நானே சேர்த்துத் தைத்தேன். பிறகுதான் தெரிந்தது, "மதினி கூடப் போட்டு அனுப்புவாவ" என்று நீர் முன்கூட்டியே அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தீர்!

அதன்பிறகு கப்பல் தெரிந்தாலும் கடைசி வரிசை மூட்டைகளை நான் விற்றதில்லை. எந்தக் கடையில் எது தூங்குகிறது என்று நீர் சொல்ல வந்தால் உட்கார்ந்து கேட்டேன். நீரும் வாக்குக் கொடுப்பதை விடவில்லை. ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போய், அரிசிக்கு ரேஷன் கன்ட்ரோல் வந்து, நாம் வத்தலுக்கும் கருப்பட்டிக்கும் மாறினோம். கன்ட்ரோலை எடுத்து இந்த வருஷம்தான் கிட்டங்கியில் மறுபடி அரிசி வாசம். அதற்குள் அந்தக் காய்ச்சல் உம்மைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு அதில் இன்னும் ஆற்றாமைதான்.

இப்போது ரயிலில் வேகன் கிடைக்காமல் அரிசி வரவில்லை. நான் வைத்திருந்த கடைசி வரிசையும் போய்விட்டது. சாத்தான்குளத்து அண்ணன் அரிசி கேட்டு ஆள் அனுப்பினார், இல்லை என்று சொல்லி அனுப்பினேன். பெருக்கிய தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வண்டி வந்தது. வண்டிக்காரர் சொன்னது இதுதான்:

"நம்ம கிட்டங்கி காலியாக் கெடக்குன்னு, போன நடை வந்து பாத்துட்டுப் போயி நான்தான் கடையில சொன்னேன். அந்தோணியம்மா சொல்லச் சொன்னாவ: அண்ணாச்சி இருந்தா இந்நேரம் வந்து கேட்டிருப்பாவ. இப்ப கேக்க ஆளு இல்லல்லா, அதான் நானே அனுப்புதேன்."

மூட்டைகள் மத்தியானமே சாத்தான்குளத்துக்குக் கிளம்பிவிட்டன. தையலை நான் பிரிக்கவில்லை, வலை நூலோடு அப்படியே போகட்டும். பார்த்ததும் அண்ணனுக்குப் புரியும்.

நாளைக் காலை நானும் பஸ் ஏறுகிறேன். உம் ஊசி என் சுருக்குப்பையில் இருக்கிறது. கடை கடையாகப் போய், எங்கே எது தூங்குகிறது, எங்கே எது இல்லை என்று பார்த்துவரவேண்டும். காப்பி கொடுத்தால், கொழுந்தனாரே, ஒரு கடையிலும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

உம் மதினி