தூண் வைக்காத மூலை

கிணத்துக்கடவு,
ஈசுவர வருஷம், ஆவணி மாதம்.

பம்பாயில் இருக்கும் சிரஞ்சீவி செங்கோடனுக்கு அப்பன் காளிச்சாமி எழுதுவது. நானும் மாடுகன்றும் சுகம். உன் அம்மாளும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

ஆடியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து அடித்த காற்றில், நீ பிளான் போட்டுக் கொடுத்த புது வீட்டின் மேற்கு மூலை ஜன்னல்கள் இரண்டும் சட்டத்தோடு உள்ளே விழுந்துவிட்டன, மூலையில் தாங்கக் கால் இல்லாததால் மேலே இருந்த சிமெண்டு விட்டமும் பிளந்து இறங்கிவிட்டது. மத்தியானம் அதனடியில் படுத்திருந்த அம்மாளுக்கு வலது கை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. நீ பதறுவாய் என்று தந்தி கொடுக்க அவள் விடவில்லை. கொத்தனார் வேலன் கலவையில் ஏமாற்றிவிட்டான் என்று ஊர் பேசிற்று, நானும் நம்பினேன். உன் ஆபீஸ் ராமுலு லீவில் அன்னூருக்கு வந்தவர் அம்மாளைப் பார்க்க வந்தார். மூலையைப் பார்த்ததும், "ஏனுங்க, இரும்புக் கால் வெக்கவே இல்லீங்களா?" என்றார். பிளானில் இல்லையே என்றேன். "கால் இல்லாட்டிக் காத்துக்கு நிக்காதுன்னு நானே கணக்குப் போட்டுக் காட்டினனுங்க. உங்க பையனுக்கும் தெரியுமுங்க. வீட்டுப் போட்டோவுல மூலை முழுக்கக் கண்ணாடியாத் தெரியோணும்னு பிளான்ல இருந்து அந்தக் காலை எடுத்துப்போட்டான்" என்றார். அந்தப் போட்டோவைக் காட்டித்தான் துரையிடம் உனக்கு உத்தியோகம் உயர்ந்ததாமே. அஸ்திவாரம் தோண்டிய அன்று, காத்துத் தாங்குமா கண்ணு என்று உன்னைக் கேட்டேன். எம்மேல நம்பிக்கை இல்லீங்களாப்பா என்றாய். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. தெரியாமல் செய்திருந்தால் பிள்ளை தவறிவிட்டான் என்று மனதை ஆற்றிக்கொள்வேன். தெரிந்தே பெற்றவளை அங்கே படுக்க விட்டாயே.

வேலன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவனே வந்து மூலையில் இரும்புக் கால் நட்டு, ஜன்னலைக் குறுக்கி, காற்று அழுத்தினால் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும்படி வெளியே திறக்கும் பலகைக் கதவு போட்டான். ராமுலு கூட நின்று அளவு சொன்னார்.

மாசாணியம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். புரட்டாசிக்குள் லீவு வாங்கிக்கொண்டு வா, மறக்காதே. அம்மாளிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "எம்பையன் வரைஞ்சது சரித்தானுங்க, காத்துத்தான் பேய்க்காத்து" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ வந்து அவள் எதிரே உட்கார்ந்து, உன் வாயாலேயே சொல்.

இப்படிக்கு,
அப்பன் காளிச்சாமி